ரிலிஜன் என்ற சொல்லுக்கு ‘மீண்டும் கட்டுதல்’ என்றுதான் பொருளா?

எழுத்தாணி:

வணக்கம். மூன்று நாளாக ஒரே வரியில் நிற்கிறேன். லத்தீன் தெரிந்தவர்கள், சொல்லாராய்ச்சியில் ஆர்வம் உள்ளவர்கள் யாராவது கைகொடுங்கள்.

பழைய ரோம் பற்றிய ஒரு நீண்ட கட்டுரையைத் தமிழில் கொண்டுவந்துகொண்டிருக்கிறேன். முதல் பத்தியிலேயே ஆசிரியர் சொல்லிவிடுகிறார்: ரிலிஜன் என்ற சொல் ‘மீண்டும் கட்டுதல்’ என்ற பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து வந்ததாம்; கடவுளிடமிருந்து பிரிந்த மனிதனை மறுபடியும் அவரோடு பிணைப்பதுதான் ரிலிஜனாம். இதை எத்தனையோ மேடைகளில் கேட்டிருக்கிறேன். அதனால் யோசிக்காமல் எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன்.

ஐந்தாம் பக்கத்தில்தான் சிக்கல். பிளாட்டஸ் என்ற ரோமானிய நாடகாசிரியரின் வரி ஒன்று வருகிறது. பிறர் வீட்டுச் சாப்பாட்டை நம்பியே திரிகிற ஒருவன், தன்னை ஒரு படைவீரன் விருந்துக்குக் கூப்பிட்ட கதையைச் சொல்கிறான். ‘விருந்துக்குக் கூப்பிட்டான், ரெலிகியோ இருந்தது, மறுக்க விரும்பவில்லை’ என்பது சொல்லுக்குச் சொல் பொருள். ரிலிஜனுக்கு மூலம் ரெலிகியோதானே என்று ‘மதம் இருந்தது, மறுக்க விரும்பவில்லை’ என்று எழுதினேன். மறுநாள் காலையில் படித்தால் எனக்கே புரியவில்லை. ‘மதம்’ என்பதை அடித்துவிட்டு ‘சமயம்’ என்று போட்டேன். ‘சமயம் இருந்தது’ என்றதும், சாப்பிட்டுவிட்டுப் போக அவனுக்கு நேரம் இருந்தது என்று ஆகிவிட்டது.

ஆகவே என் கேள்விகள். அந்தச் சொல்லின் வேர் உண்மையிலேயே ‘கட்டுதல்’தானா? அப்படியானால் இந்த வரியில் அது ஏன் பொருந்தவில்லை? அப்புறம், நாம் இதற்கு ஈடாகச் சொல்லும் மதம், சமயம் இரண்டும் எங்கிருந்து வந்தன, அவை இதே பொருளைத்தான் சுமக்கின்றனவா?


புதுவரவு:

கட்டுதல் என்பது சரிதான் என்று நினைக்கிறேன். ‘ரெ’ என்றால் மீண்டும், ‘லிகாரே’ என்றால் கட்டு. எலும்பை எலும்போடு பிணைக்கும் தசைநாருக்கு லிகமென்ட் என்று பெயர் வந்ததும் அதே லிகாரேயிலிருந்துதான். யோகம் என்ற சொல்லும் சேர்த்தல், பூட்டுதல் என்ற பொருளுள்ள ‘யுஜ்’ என்ற வேரிலிருந்து வந்தது. கிழக்கும் மேற்கும் ஒரே எண்ணத்துக்கு வந்து சேர்ந்திருப்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தரும் விஷயம். பிளாட்டஸ் வரி பற்றித் தெரியவில்லை.


பழைய லத்தீன்காரன்:

எழுத்தாணி, நீங்கள் சரியான இடத்தில்தான் நின்றிருக்கிறீர்கள். அந்த ஐந்தாம் பக்க வரியை நேராகப் பார்த்தால் முதல் பத்தி ஆட்டம் கண்டுவிடும்.

நான் இளமையில் குருமடத்தில் ஏழு ஆண்டு லத்தீன் படித்தவன். பிறகு வேறு வாழ்க்கைக்குப் போய்விட்டேன், லத்தீன் மட்டும் கூடவே வந்துவிட்டது. முதலாண்டில் எங்கள் ஆசிரியர் கரும்பலகையில் ‘ரெலிகாரே’ என்று எழுதி, மேலே ஒரு வட்டம், கீழே ஒரு வட்டம், நடுவில் ஒரு கயிறு வரைந்தார். மேலே கடவுள், கீழே நாம். அந்தக் கயிற்றை நானும் பல ஆண்டு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பிறகு ஒருநாள் சிசரோ என்ற ரோமானியச் சிந்தனையாளரைத் தொடக்கத்திலிருந்து வாசித்தபோதுதான், அந்தக் கயிறு அவரிடம் இல்லவே இல்லை என்று கண்டேன். அன்றிலிருந்து இந்த ஒரு சொல்லை நான் விடவே இல்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கயிற்று விளக்கத்தைத் தந்தவர் லாக்டான்டியஸ் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர். காலம் கி.பி. 4ஆம் நூற்றாண்டின் தொடக்கம். பக்தி என்ற கட்டினால் நாம் கடவுளோடு இறுகக் கட்டப்பட்டிருக்கிறோம், ரெலிகியோ என்ற பெயர் அதனால்தான் வந்தது, சிசரோ சொன்னது பொருத்தமில்லை என்று ‘தெய்விகக் கோட்பாடுகள்’ என்ற நூலின் 4ஆம் பகுதியில் எழுதுகிறார். அதற்குச் சாட்சியாக அவர் இழுத்து வருவது யாரை என்று பாருங்கள், லுக்ரீஷியஸை! தெய்வ பயத்திலிருந்து மனிதர்களை விடுவிக்க வேண்டும் என்றே காவியம் பாடிய கவிஞர் அவர். ‘ரெலிகியோக்களின் முடிச்சுகளிலிருந்து மனத்தை அவிழ்க்க முனைகிறேன்’ என்பது அவர் வரி. முடிச்சு என்கிறாரே, ஆகவே கட்டுதல்தான் வேர் என்பது லாக்டான்டியஸின் வாதம். லுக்ரீஷியஸ் அவிழ்க்க நினைத்த முடிச்சை இவர் இறுக்கிக் கட்டிவிட்டார்.

இன்னொன்று. ரெலிகாரே என்பதில் உள்ள ‘ரெ’ இங்கே ‘மீண்டும்’ என்று பொருள் தருவதில்லை. பின்னால் இழுத்து, அசையாதபடி கட்டுவதுதான் ரெலிகாரே. கூந்தலைப் பின்னால் முடிவதற்கு ரோமானியக் கவிஞர் ஹோரஸ் அந்த வினையைத்தான் பயன்படுத்துகிறார். கப்பலைக் கரையில் கட்டி நிறுத்துவதற்கும் அதுவேதான். கூந்தல் முடிகிறவள் பிரிந்துபோன எதையும் மறுபடி சேர்ப்பதில்லையே. ஆகவே வேர் ரெலிகாரே என்றே வைத்துக்கொண்டாலும், ‘பிரிந்ததை மறுபடி பிணைத்தல்’ என்பது பிற்காலத்தார் ஏற்றிய பொருள்.

சரி, சிசரோ என்ன சொன்னார்? லாக்டான்டியஸுக்குச் சுமார் 350 ஆண்டு முன்னால், கி.மு. 45 வாக்கில் எழுதிய ‘தெய்வங்களின் இயல்பு’ என்ற உரையாடலில், பால்பஸ் என்ற பாத்திரத்தின் வாயால் சொல்கிறார். நாளெல்லாம் வேண்டுதலும் பலியுமாக, தங்கள் பிள்ளைகள் தங்களுக்குப் பின்னும் பிழைத்திருக்க வேண்டும் என்று மன்றாடியவர்களை ‘சூப்பர்ஸ்டிட்டியோசி’ என்றார்கள். பிழைத்திருப்பவனுக்குப் பெயர் ‘சூப்பர்ஸ்டெஸ்’. தெய்வ வழிபாட்டுக்கு உரிய ஒவ்வொன்றையும் கவனமாகத் திரும்ப எடுத்து, மறுபடி மறுபடி பார்த்தவர்களை ‘ரெலிகியோசி’ என்றார்கள். அது ‘ரெலெகெரே’ என்ற வினையிலிருந்து வந்தது. ‘லெகெரே’ என்றால் பொறுக்கி எடுத்தல், வாசித்தல். நெல்லில் கல் பொறுக்குகிறவர் ஒருமுறை பொறுக்கிவிட்டு, மனம் ஆறாமல் இன்னொரு முறையும் விரலால் அளைந்து பார்ப்பாரே, அந்த அசைவுதான் ரெலெகெரே. அதற்கு எதிர்ச்சொல்லும் லத்தீனில் இருக்கிறது: ‘நெக்லெகெரே’, எடுத்துப் பாராமல் விட்டுவிடுதல். ஆங்கிலத்தின் ‘நெக்லெக்ட்’ அதிலிருந்து வந்ததுதான்.

இலக்கணமும் சிசரோ பக்கம் கொஞ்சம் சாய்கிறது. ‘ஆரே’ என்று முடியும் வினைகளிலிருந்து பெயர்ச்சொல் பிறந்தால் பெரும்பாலும் ‘ஆத்தியோ’ என்று முடியும். ரெலிகாரேயிலிருந்து வரவேண்டியது ரெலிகாத்தியோ. அந்தச் சொல் லத்தீனில் தனியாகவே இருக்கிறது, சிசரோவே பயன்படுத்தியிருக்கிறார், திராட்சைக் கொடியைக் கட்டிவிடும் வேலைக்கு! லெகெரேயிலிருந்து படைப்பிரிவைக் குறிக்கும் லெகியோ பிறந்த மாதிரி ரெலெகெரேயிலிருந்து ரெலிகியோ பிறப்பது சுலபம். எமில் பென்வெனிஸ்ட் என்ற பிரெஞ்சு மொழியியலாளர் 1969இல் வந்த தம் நூலில் சிசரோ பக்கம் உறுதியாக நிற்கிறார்.

இருந்தாலும் வழக்கு முடிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ‘ஒபினாரி’ என்ற வினையிலிருந்து ‘ஒபினியோ’ வந்திருக்கிறது, ‘ரெபெல்லாரே’யிலிருந்து ‘ரெபெல்லியோ’ வந்திருக்கிறது. இந்த விதிவிலக்குகளைக் காட்டி ரெலிகாரேயை இன்றும் ஆதரிப்பவர்கள் உண்டு. அந்தக் காலத்துச் சொல்விளக்கங்களும் பாதி ஊகம்தான். ஒதுக்கிவைத்தல் என்ற பொருளுள்ள ‘ரெலின்குவெரே’யிலிருந்து வந்தது என்று சொன்ன சட்ட அறிஞர்கூட ஒருவர் இருந்தார். ஆகவே ‘கட்டுதல் என்ற சொல்லிலிருந்து வந்தது’ என்று ஆணியடித்த மாதிரி எழுதுவதுதான் தவறு. ‘வந்ததாகச் சிலர் சொல்வர்’ என்றால் யாரும் குறை சொல்ல முடியாது.

வேரைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, பழைய மக்கள் அந்தச் சொல்லை எப்படிப் பேசினார்கள் என்பது. அவுலஸ் கெல்லியஸ் என்பவர் பழைய பாட்டு வரி ஒன்றைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்: ‘ரெலிகென்ஸாக இரு, ரெலிகியோசஸ் ஆகிவிடாதே.’ கவனம் உள்ளவனாக இரு, அளவுக்கு மீறித் தயங்கிச் சாகாதே என்று அர்த்தம். ரோமானியர்கள் சில நாள்களை ‘ரெலிகியோசஸ் நாள்’ என்பார்கள். நாம் அதைப் புனித நாள் என்று நினைத்துக்கொள்வோம். உண்மையில் அது ஆகாத நாள். அல்லியா ஆற்றங்கரையில் காலியர் என்ற இனத்தாரிடம் ரோமானியர்கள் தோற்ற ஜூலை 18 அப்படிப்பட்ட நாள். அன்று புதிதாக எதையும் தொடங்க மனம் வராது, கை பின்வாங்கும்.

அந்தப் பின்வாங்கல்தான் ரெலிகியோ. உள்ளே ஏதோ ஒன்று ‘பொறு, இன்னொரு தடவை பார்’ என்று இழுக்கிறதே, அது. கடவுள் விஷயமாகவும் வரலாம், சாட்சி சொல்கிற இடத்திலும் வரலாம், சாப்பாட்டு அழைப்பிலும் வரலாம். தமிழில் அதற்குப் பெயர்ச்சொல் தேடாதீர்கள், வினையாகத்தான் நம்மிடம் இருக்கிறது. மனம் ஒப்பவில்லை, மனம் கேட்கவில்லை, மனம் வரவில்லை என்று தினமும் சொல்கிறோமே. உங்கள் பிளாட்டஸ் வரி: ‘விருந்துக்குக் கூப்பிட்டான். மறுக்க மனம் வரவில்லை.’ சாப்பாட்டுக்கு அலைகிறவன் மனச்சாட்சிக்குக் கட்டுப்பட்டவன் போலப் பேசுகிறான், அதில்தான் அந்த இடத்தின் சுவை. ‘மனம் வரவில்லை’ என்றால் தமிழிலும் அந்தச் சுவை கிடைத்துவிடும்.


நூற்பா:

லத்தீன் பகுதியை நண்பர் அருமையாகச் சொல்லிவிட்டார். எழுத்தாணி கேட்ட மதம், சமயம் பற்றி நான் சொல்கிறேன். இரண்டும் சமஸ்கிருதத்திலிருந்து வந்தவை, இரண்டும் தமிழில் நெடுங்காலம் குடித்தனம் நடத்தி நம் சொல்லாகவே ஆகிவிட்டவை.

முதலில் ஒரு தவறான விளக்கத்தை ஓரம்கட்ட வேண்டும். யானைக்கு மதம் பிடிப்பதையும் மனிதனுக்கு மதம் பிடிப்பதையும் சேர்த்துப் பேசாத பேச்சாளரே இல்லை. பேச்சுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டும் வேறு வேறு சொற்கள். யானையின் மதம் வெறி, களிப்பு என்ற பொருளுள்ள சொல். மூலத்தில் நடுவே மெல்லிய ‘த’ ஒலி, ‘பதம்’ என்பதில் நாம் ஒலிக்கிற மாதிரி. சமயம் என்ற பொருளுள்ள மதம் நினைத்தல் என்ற பொருளுள்ள ‘மன்’ என்ற வேரிலிருந்து வந்தது. மூலத்தில் வல்லின ‘த’, ‘பத்து’ என்பதில் உள்ள மாதிரி. நம் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே ‘த’ என்பதால் இரண்டு சொற்களும் ஒரே உடையில் நிற்கின்றன. அவ்வளவுதான் உறவு.

ஆக மதம் என்றால் எண்ணம், கருத்து, ஒருவர் கொண்டிருக்கும் நிலைப்பாடு. இதற்கு நன்னூலைவிடத் தெளிவான சாட்சி கிடையாது. பவணந்தி முனிவர் பாயிரத்தில் ‘எழுவகை மதமே உடன்படல் மறுத்தல்’ என்று தொடங்குகிறார். பள்ளியில் இதை மனப்பாடம் செய்தபோது, ஏழு மதம் என்றால் சைவம், வைணவம், சமணம் என்று ஏதோ வரப்போகிறது என்று காத்திருந்தேன். வரவே இல்லை. பிறர் சொன்னதை ஏற்பது, மறுப்பது, முதலில் ஏற்றுக்கொண்டு பிறகு களைவது, தானே ஒன்றை நாட்டி நிறுவுவது, இருவர் மாறுபடும்போது ஒரு பக்கம் துணிவது, பிறர் நூலின் குற்றம் காட்டுவது, பிறர் கருத்தோடு சேராமல் தன் மதத்தைக் கொள்வது. நூல் எழுதுகிறவன் பிறர் கருத்தின் முன்னால் எப்படியெல்லாம் நிற்கலாம் என்ற பட்டியல் அது. கடைசியில் ‘தன்மதங் கொளலே’ என்று முடிகிறது. அங்கே கோயிலும் இல்லை, வழிபாடும் இல்லை. தன் கருத்து என்பது மட்டும்தான்.

‘சம்மதம்’ என்கிறோமே, அதிலும் இதே மதம்தான். ஒத்த எண்ணம். ‘எம்மதமும் சம்மதம்’ என்பதை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள், ஒரே சொல் இரண்டு முறை வருகிறது.

சமயம் வேறு வழி. ‘சம்’ என்றால் கூட, ஒருங்கே. அதோடு வருதல், போதல் என்ற பொருளுள்ள வேர். ஒன்றுகூடி வருவது. அதிலிருந்து உடன்பாடு, ஒப்பந்தம், ஒரு கூட்டத்தார் ஏற்றுக்கொண்ட ஒழுங்கு என்று ஒரு கிளை போயிற்று. கூடுவதற்குக் குறித்த வேளை, தக்க தருணம் என்று இன்னொரு கிளை போயிற்று. எழுத்தாணியின் வரியில் புகுந்தது இந்த இரண்டாம் கிளை. முதல் கிளை பழமையானது. மணிமேகலையின் 27ஆம் காதைக்குச் ‘சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதை’ என்று பெயர். அதில் மணிமேகலை ஒவ்வொரு கொள்கைக்காரராகத் தேடிப் போய் உன் கோட்பாடு என்ன, எதை அளவையாக வைத்துப் பேசுகிறாய் என்று கேட்கிறாள். சைவவாதி, வைணவவாதி, நிகண்டவாதி மட்டுமல்ல, கடவுளையே ஏற்காத பூதவாதியும் அந்த வரிசையில் நிற்கிறான். இன்றைய ‘மதம்’ என்ற பெட்டிக்குள் பூதவாதியை வைக்க முடியுமா? அன்றைய ‘சமயம்’ அவனுக்கும் இடம் கொடுத்தது.

என் கருத்து இது. மதம் என்றால் ஒருவர் நினைப்பது, சமயம் என்றால் பலர் ஒத்துக்கொண்டது. லத்தீன்காரர் சொன்ன அந்தத் தயக்கம், மறுபடி பார்க்கும் கவனம் இரண்டிலுமே இல்லை. அதனால்தான் பிளாட்டஸ் வரியில் இரண்டுமே ஒட்டவில்லை.


எழுத்தாணி:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ‘மறுக்க மனம் வரவில்லை’ என்று படித்ததும் எழுந்து ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தேன். கையருகே கிடந்த சொல்லை மூன்று நாள் தேடியிருக்கிறேன்.

இன்னும் ஒன்று மட்டும். அப்படி ஒரு மனத்தயக்கத்தைக் குறித்த சொல், கிறிஸ்தவ ரிலிஜன், இந்து ரிலிஜன் என்று கூட்டத்தின் பெயராக எப்போது மாறியது? கட்டுரையின் பின்பாதி முழுவதும் இந்தப் பொருளில்தான் வருகிறது. அங்கே ‘மதம்’ போடலாமா?


பழைய லத்தீன்காரன்:

போடலாம். ஆனால் எந்த நூற்றாண்டைப் பற்றிய பத்தி என்று பார்த்துப் போடுங்கள்.

முதலில் நம்முடையது, அவர்களுடையது என்ற பிரிப்பு வந்தது. கி.பி. 112 வாக்கில் ஆளுநர் பிளினி பேரரசர் டிராஜனுக்கு எழுதிய கடிதத்தில் கிறிஸ்தவர்களுடையது ‘சூப்பர்ஸ்டிட்டியோ’ என்கிறார், வரம்பு மீறிய கோணலான ஒன்று என்கிறார். ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிடஸும் அதே சொல்லைத்தான் பயன்படுத்துகிறார். பிறகு அரசர்கள் கிறிஸ்தவர்களானார்கள். 341இல் வந்த ஆணை பழைய பலிகளைப் பற்றி ‘சூப்பர்ஸ்டிட்டியோ ஒழியட்டும்’ என்கிறது. 380இல் தியோடோசியஸ் போட்ட ஆணை, பேதுரு ரோமர்களுக்குக் கையளித்த ‘ரெலிகியோ’வில்தான் எல்லா மக்களும் இருக்க வேண்டும் என்கிறது. இரண்டு சொற்களும் அப்படியே இருக்கின்றன, ஆள்கள் இடம் மாறிவிட்டார்கள். இந்த இரண்டு ஆணைகளையும் பிளினி கடிதத்தோடு அடுத்தடுத்து வைத்து வாசித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. மூடநம்பிக்கை என்று நாம் இன்று மொழிபெயர்க்கும் சொல், அதை யார் யாரைப் பார்த்துச் சொன்னார்கள் என்பதை வைத்துத்தான் பொருள் கொண்டிருக்கிறது.

கிறிஸ்தவ இறையியலாளர் புனித அகுஸ்தினார் இரண்டு விளக்கம் தந்தார். ஓரிடத்தில் ரெலிகாரே. ‘கடவுளின் நகரம்’ நூலில் மூன்றாவதாக ஒன்று, ‘ரெ-எலிகெரே’, மறுபடி தேர்ந்தெடுத்தல்: அசட்டையால் இழந்த கடவுளை மீண்டும் தேர்ந்தெடுக்கிறோம். முதல் பத்தியில் உங்கள் ஆசிரியர் சொல்லும் ‘பிரிந்ததை மறுபடி’ என்ற எண்ணத்துக்கு உண்மையான சொந்தக்காரர் இவராக இருக்கலாம் என்பது என் ஊகம். கயிற்றை லாக்டான்டியஸிடமும் ‘மீண்டும்’ என்பதை அகுஸ்தினாரிடமும் எடுத்து யாரோ முடிச்சுப் போட்டிருக்கிறார்கள்.

இடைக்காலத்தில் சொல் இன்னும் சுருங்கியது. ரெலிகியோ என்றால் துறவற வாழ்வு, ரெலிகியோசி என்றால் வாக்குக் கொடுத்த துறவிகள். குருமடத்தில் ‘இருபால் துறவியர்’ என்று நாங்கள் சொன்னது அதன் தமிழாக்கம்தான். புனித தோமா அக்குவினார் 13ஆம் நூற்றாண்டில் மூன்று விளக்கங்களையும் ஒரே பத்தியில் அடுக்கிவைத்து, எதுவாக இருந்தாலும் கடவுளை நோக்கிய ஒழுங்குதான் என்று சொல்லிவிட்டு, ரெலிகியோவை ஒரு நற்பண்பாக வைக்கிறார், நீதி என்ற பண்பின் கிளையாக. பொறுமை, துணிவு போல ஒரு மனிதனிடம் இருக்கும் குணம். பொறுமைகள் என்று யாரும் எண்ணிக் கணக்கெடுப்பதில்லையே. பிற கூட்டத்தாரைக் குறிக்க அந்தக் காலத்தார் பெரும்பாலும் ‘லெக்ஸ்’ என்றும் ‘செக்தா’ என்றும் எழுதினார்கள், அதாவது சட்டம், பின்பற்றும் வழி.

16ஆம் நூற்றாண்டில் திருச்சபை உடைந்த பிறகுதான் எண்ணிக்கை தொடங்குகிறது. 1555இல் ஆக்ஸ்பர்க் உடன்படிக்கை, கத்தோலிக்கம், லூத்தரன் இரண்டில் எது தன் நாட்டில் என்று அந்தந்தச் சிற்றரசன் முடிவு செய்யலாம் என்றது. ‘யாருடைய நாடோ அவருடைய ரெலிகியோ’ என்று பின்னால் சட்டக்காரர்கள் அதைச் சுருக்கினார்கள். எல்லைக்கோட்டோடு ஒட்டிக்கொண்ட பிறகு அது மனத்தயக்கமாக எப்படி இருக்க முடியும்? 1613இல் சாமுவேல் பர்ச்சஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் வெளியிட்ட பயண நூலின் தலைப்பிலேயே உலகில் கடைப்பிடிக்கப்பட்ட ‘ரிலிஜன்கள்’ என்று பன்மை வந்துவிட்டது. இந்துயிசம், புத்திசம் மாதிரியான ‘இசம்’ பெயர்கள் இன்னும் பிந்தியவை, 18ஆம் நூற்றாண்டின் கடைசியும் 19இன் தொடக்கமும்.

ஆகவே 1600க்குப் பிந்தைய பத்திகளில் ‘மதம்’ தாராளமாக வரட்டும். ரோம் பற்றிய பத்திகளில் ஒவ்வொரு தடவையும் நின்று, என்ன சொல்கிறார்கள் என்று பாருங்கள். சில இடத்தில் தயக்கம், சில இடத்தில் வழிபாட்டு ஒழுங்கு, சில இடத்தில் ஆணையின் மீதுள்ள அச்சம்.


அலைவரிசை:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டில் மதம் என்ற சொல்லை அத்தா சொல்லி நான் கேட்டதே இல்லை. ‘மார்க்கம்’ என்பார், அல்லது ‘தீன்’ என்பார். மார்க்கம் என்றால் வழி, தெரிந்ததுதான். தீன் என்ற அரபுச் சொல்லைத் தேடிப் போனபோது அசந்துவிட்டேன். கடன் என்பதற்கான அரபுச் சொல்லும் அதே எழுத்துகளில்தான் எழுதப்படுகிறது, தய்ன் என்று ஒலிப்பு மட்டும் மாறும். தீர்ப்பு என்றும் பொருள்; குர்ஆனின் முதல் அத்தியாயத்தில் வரும் ‘யவ்மித்தீன்’ தீர்ப்பு நாள். 109ஆம் அத்தியாயத்தின் கடைசி வசனத்தில் ‘உங்களுக்கு உங்கள் தீன், எனக்கு என் தீன்’ என்று வருகிறது. கொடுக்க வேண்டியதும், அதற்குக் கணக்குக் கேட்கப்படுவதும், நடக்கும் வழியும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன.

ஹீப்ருவில் இன்று இதற்குச் சொல்லும் ‘தாத்’ பழைய பாரசீகத்திலிருந்து வந்தது, சட்டம் என்று பொருள். விவிலியத்தின் எஸ்தர் நூலில் அரசனின் ஆணைக்கு அந்தச் சொல்தான். ஜப்பானியரின் ‘ஷூக்யோ’ 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் மேற்கத்திய உடன்படிக்கைகளையும் நூல்களையும் மொழிபெயர்க்கும்போது ரிலிஜனுக்கு ஈடாக நிலைத்த சொல். சீனரும் அதையே எடுத்துக்கொண்டார்கள். எழுத்தாணி மாட்டிக்கொண்ட அதே இடத்தில் ஒரு நாடே மாட்டியிருக்கிறது.


எழுத்தாணி:

அலைவரிசை, கடன் என்ற செய்திக்காக உங்களுக்குத் தனியாக நன்றி. அதைக் குறித்து வைத்துக்கொண்டேன்.

முதல் பத்தியை நான் மாற்ற முடியாது, அது ஆசிரியருடைய கூற்று. ஆனால் பக்கத்தின் அடியில் மொழிபெயர்ப்பாளர் குறிப்பாக நான்கு வரி சேர்க்கிறேன்: சிசரோ, லாக்டான்டியஸ், அகுஸ்தினார் மூவரும் மூன்று வேர் சொன்னார்கள், முடிவு எட்டப்படவில்லை என்று. ஐந்தாம் பக்கம் ‘மறுக்க மனம் வரவில்லை’ என்று முடிந்துவிட்டது. எட்டாம் பக்கத்தில் ஒரு கல்லறையைப் பற்றிச் சொல்லும்போது ‘ரெலிகியோசஸ் இடம்’ என்று வருகிறது. ‘புனித இடம்’ என்று எழுதிவைத்திருக்கிறேன். இப்போது அதன்மீதும் சந்தேகம் வந்துவிட்டது.


பழைய லத்தீன்காரன்:

சந்தேகம் சரிதான். ரோமானியச் சட்டத்தில் தெய்வங்களுக்கு உரியதும் ரெலிகியோசஸ் இடமும் தனித்தனி. 2ஆம் நூற்றாண்டுச் சட்ட அறிஞர் கையஸ் இதைத் தெளிவாகப் பிரிக்கிறார். தனக்குச் சொந்தமான நிலத்தில், அடக்கம் செய்யும் பொறுப்புள்ளவர் ஒரு உடலை அடக்கம் செய்த அந்த வேளையே அந்த இடம் ரெலிகியோசஸ் ஆகிவிடும். அதற்கு அரசு அறிவிப்போ சடங்குப் பிரதிஷ்டையோ வேண்டாம். அதன்பிறகு அது யாருடைய உடைமையும் இல்லை. புனிதம் என்றால் பொருள் தப்பிப்போகும். ‘யாரும் கைவைக்கக் கூடாத இடம்’ என்று எழுதிப் பாருங்கள்.